பிறழ்ந்த நான்காம் சாட்சி

கோர்ட் காகிதம் ஒன்றில் நான் பிறழ் சாட்சி என்று எழுதப்பட்டிருக்கிறேன். போலீஸிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, கூண்டில் ஏறியதும் வேறொன்றைச் சொல்லும் ஆளுக்கு அந்தப் பெயர். அதே வழக்கில் என்னோடு சாட்சி சொன்ன மூன்று பேரும் பிறழவில்லை. எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் சம்பவத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காதவர்களுக்குப் பிறழாமல் இருப்பது சுலபம். பார்த்தவர்களுக்குத்தான் நடந்தது ஞாபகம் வந்து தொலைக்கும்.

அஸ்தினாபுரத்தில் பதினாறு வீடுகள் உள்ள ஒரு அபார்ட்மென்டில், இரண்டாவது மாடியில் நானும் கணவரும் இருக்கிறோம். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் கட்டடத்துக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு செயலாளர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. லிஃப்டுக்குள் ஒரு நோட்டீஸ், மொட்டைமாடிக் கதவில் ஒரு நோட்டீஸ், செருப்பு எங்கே விடலாம் என்று ஒவ்வொரு தளத்திலும் ஒரு நோட்டீஸ். எல்லாவற்றிலும் கீழே அவருடைய கையெழுத்தும் சங்கத்தின் சீலும் இருக்கும்.

கேட்டுக்கு வெளியே வாரத்தில் இரண்டு நாள் ஒரு மீன்காரம்மா வந்து உட்காருவார். கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி, மேடவாக்கம் வழியாக வருவார். என் வயதுதான் இருக்கும். அலுமினியக் கூடையில் ஐஸ் போட்ட மீன், பக்கத்தில் பலகையில் அறைந்த அருவாமனை. ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல் செதில் தேய்த்து வெட்டிக் கொடுப்பார். செயலாளர் அவருக்கென்றே ஒரு நோட்டீஸ் எழுதி கேட்டில் ஒட்டியிருந்தார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த எங்களில் பாதிப் பேர் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. கிருத்திகை வேறு. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. காலை எட்டு மணிக்கு நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சங்கரா மீனைக் காட்டி வெட்டச் சொல்லியிருந்தேன். செயலாளர் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு கீழே வந்தார். ஐஸ் தண்ணீர் கேட்டுக்குக் குறுக்கே ஓடியிருந்தது.

"இன்னிக்கு என்ன நாள் தெரியுமா?" என்றார்.

அந்த அம்மா நிமிராமல், "உனுக்குக் கிருத்திகை சார். இந்தக்காவுக்கு மீன் வோணுமாம்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று என்று இன்றைக்கும் நினைக்கிறேன். செயலாளர் கூடையை ஓங்கி உதைத்தார். மீனும் ஐஸும் தெருவில் சிதறின. கவிழ்ந்து கிடந்த கூடையை இன்னொரு தடவை உதைக்கப் போனவர், ரப்பர் செருப்பு வழுக்கி, கை கீழே மடங்க விழுந்தார். விழும்போது கேட்டின் தாழ்ப்பாள் முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. அது வரைக்கும் அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. எழுந்ததும் செய்த முதல் காரியம், அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டது. அவருடைய வெள்ளைச் சட்டையில் படிந்த ரத்தத்தில் பாதி சங்கராவுடையது.

செயலாளர், அந்த அம்மா, நான். அவ்வளவு பேர்தான் அங்கே இருந்தோம். வாட்ச்மேன் மோட்டார் போடப் பின்பக்கம் போயிருந்தார்.

சாயங்காலம் செயலாளர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்தார். இரவுச் சாப்பாட்டுக்குள் சங்கத்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது: மீன் விற்கும் பெண் கத்தியால் தாக்கியதில் செயலாளருக்குப் பலத்த காயம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். என் கணவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ரைட்டர் மேஜைக்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி, என் பக்கத்தில் செயலாளருக்கு ஒன்று. சாட்சியை விசாரிக்கும்போது புகார் கொடுத்தவர் பக்கத்தில் உட்காரலாமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

"சம்பவத்தப்போ அங்க இருந்தீங்களா மேடம்?"

"இருந்தேன். மீன் வாங்கிட்டு இருந்தேன்."

"அந்தப் பொம்பளை கையில கத்தி இருந்துச்சா?"

"கத்தி இல்ல சார். அருவாமனை. கீழ இருந்துச்சு."

"அதுவும் வெட்டுறதுதானே?"

"வெட்டுறதுதான். ஆனா..."

"சாருக்கு ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"போதும் மேடம்," என்று எழுத ஆரம்பித்தார். நான் சொன்னதைவிட எழுதியது ரொம்ப நீளமாக இருந்தது. முடித்ததும் கையெழுத்துக்காகக் கையை நீட்டினேன். "இதுல கையெழுத்து வாங்கக் கூடாது. நீங்க போலாம்," என்றார். படித்துக் காட்டவும் இல்லை. என் வாக்குமூலம், என் வாசிப்பும் வேண்டாமல், என் கையெழுத்தும் வேண்டாமல், தானாகவே நிற்கிற அளவுக்குப் பலமானதாக இருந்தது.

அவர் என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசைதான். தெரியும். "அவர் வழுக்கித்தான் விழுந்தார்" என்று மூன்று வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் மாவுக்கட்டு இருந்தது. தண்ணீர் லாரிக்குப் போன் போடுவதிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரைக்கும் எல்லாம் அந்தக் கையில் இருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது செயலாளர், "உங்கள மாதிரிப் படிச்சவங்க நின்னாதான் மேடம் கேஸ் நிக்கும்," என்றார். நான் தலையாட்டினேன். வீட்டில் கணவர், "எழுதிட்டுப் போகட்டும், இதெல்லாம் எங்க கோர்ட்டுக்கு வரப்போவுது," என்றார். எங்கள் இருவருக்கும் அந்த நியாயம் போதுமானதாக இருந்தது.

அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டுபோய் பதினோரு நாள் உள்ளே வைத்திருந்தது எனக்குப் பிறகுதான், காய்கறி வண்டிக்காரர் சொல்லித் தெரிந்தது. கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். பொறுக்கி முடித்து எடையும் போட்டுத்தான் மேலே வந்தேன்.

இரண்டரை வருஷம் கழித்துச் சம்மன் வந்தது. நான்காவது சாட்சி. முதல் சாட்சி செயலாளர். இரண்டாவது சாட்சி, முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேங்க்காரர். அவர் வீட்டு பால்கனி பின்பக்கம் செப்டிக் டேங்கைப் பார்த்தது. கேட்டைப் பார்க்க வேண்டுமானால் அவர் சுவரைத் துளைத்துத்தான் பார்க்கவேண்டும். மூன்றாவது சாட்சி, தரைத்தளத்து அம்மா. அந்தக் கிருத்திகையன்று விடியற்காலையிலேயே குன்றத்தூர் மலைக்குப் போய்விட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு என் வீட்டு மணியை அடித்து விபூதி பொட்டலம் கொடுத்தவர். முருகன் சன்னிதியில் நின்றுகொண்டே அஸ்தினாபுரத்தில் நடந்ததைப் பார்த்திருக்கிறார். பக்தி முற்றினால் அப்படியெல்லாம் பார்வை வரும்போல.

சாட்சி சொல்லும் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து அறையில் செயலாளர் எங்களை உட்காரவைத்தார். காபி, வாழைக்காய் பஜ்ஜி. ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ். என் வாக்குமூலத்தை முதன்முதலாக அன்றைக்குத்தான் படித்தேன். 'நான் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தபோது, மேற்படி எதிரி தன் கையில் வைத்திருந்த கூர்மையான கத்தியால் மேற்படியாரைத் தாக்கி, உன்னை ஒழித்துவிடுவேன் என்று மிரட்டியதைக் கண்ணால் கண்டேன்.' கோர்ட் தமிழில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். யாருக்கு எதிரி என்று யாரும் கேட்பதில்லை. பேங்க்காரரின் காகிதத்தை எட்டிப் பார்த்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்து. தரைத்தளத்து அம்மாவுடையதிலும் அதே சத்தம், அதே ஓட்டம். மூன்று பேரும் ஒரே மாதிரி ஓடிவந்திருந்தோம். நான் நின்ற இடத்திலிருந்து எங்கே ஓடிவருவது? எனக்கு இரண்டடி தூரத்தில்தானே நடந்தது?

பேங்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்து, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். தரைத்தளத்து அம்மா மட்டும், "சார், சத்தியம் பண்ணணுமா?" என்று கேட்டார்.

"அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா. கூட ஒருத்தர் சொல்லிக் கொடுப்பார், திருப்பிச் சொன்னா போதும்," என்றார் செயலாளர்.

"அப்பச் சரி," என்று அவர் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

நான் அங்கே வாயைத் திறந்தேன் என்று நினைக்கவேண்டாம். ஜெராக்ஸை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மேலே வந்தேன். கணவரிடம், "நடந்ததச் சொல்லப்போறேன்," என்றேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்து, "அதெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கணும்," என்றார். சரியான பேச்சுதான். அன்றைக்கு எழுதிட்டுப் போகட்டும் என்றவரும் அவர்தான்.

கோர்ட்டில் காலை பத்து மணியிலிருந்து வராந்தாவில் நின்றோம். மீன்காரம்மா தூணோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டேன். டவாலி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். பேங்க்காரர் வெளியே வந்தபோது, பள்ளி ஆண்டு விழாவில் மேடையிலிருந்து இறங்குகிற முகம். "ஒரு வார்த்தை விடல," என்றார். தரைத்தளத்து அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்த வக்கீலுக்கு மரியாதையே தெரியல," என்றார்.

நான் கூண்டேறினேன். கடவுள் அறிய உண்மை சொல்வதாக ஒருவர் சொல்லிக் கொடுக்க, மற்ற மூன்று பேரைக் கேட்ட அதே கடவுள் அறியத் திருப்பிச் சொன்னேன். அரசுத் தரப்பு வக்கீல் கையில் என் வாக்குமூலம். அன்றைக்கு அவருக்கு நிறைய வழக்குகள் இருந்தன. காகிதக் கட்டைப் பிரிக்காமலேயே, "சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தீங்க, இல்லையா?" என்றார்.

"இல்ல சார். அங்கேயேதான் நின்னுட்டு இருந்தேன்."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். "சரி. எதிரி கத்தியால தாக்கினதப் பார்த்தீங்க."

"தாக்கல சார். அவர்தான் கூடையை உதைச்சார். ஐஸ் தண்ணியில வழுக்கி விழுந்தார். கை தாழ்ப்பாள்ல பட்டுக் கிழிஞ்சிது. இந்த அம்மாதான் தூக்கிவிட்டாங்க."

டைப் அடிப்பவரின் விரல் நின்றது. நீதிபதி சின்ன வயதுப் பெண். "மெதுவா சொல்லுங்க," என்றார். மெதுவாகச் சொன்னேன். நடந்ததைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகவில்லை. இரண்டரை வருஷம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

சான்றுப் பொருள் என்று, செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு கத்தியைப் பிரித்துக் காட்டினார்கள். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட சமையலறைக் கத்தி. "இதுதானே அந்தக் கத்தி?" என்றார் வக்கீல். அது வெங்காயம் நறுக்கும் கத்தி, அதைக்கொண்டு சங்கராவின் தலையை எடுக்கவே முடியாது என்றேன். அந்த அருவாமனையால் குத்தவேண்டுமானால் பலகையோடு சேர்த்துத் தூக்கவேண்டும் என்றும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

அரசுத் தரப்பு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி கேட்டார். கிடைத்தது. அப்புறம் அவரே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். எதிரியிடம் இலவசமாக மீன் வாங்கிக்கொண்டு பொய் சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல என்று டைப் ஆனது. செயலாளர் மேல் எனக்கு முன்விரோதம் என்று சொன்னால் சரியல்ல. நான் இல்லை என்று சொன்னதெல்லாம் அந்தக் காகிதத்தில் 'சரியல்ல' என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போயிற்று. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு நான் சொன்ன எதுவுமே சரியல்ல என்றுதான் தோன்றும்.

மீன்காரம்மாவின் வக்கீல் இலவச சட்ட உதவியில் வந்த இளைஞர். அவர் எழுந்து இரண்டே கேள்விதான் கேட்டார். "அங்கே வேறு யார் இருந்தாங்க?" வேறு யாரும் இல்லை என்றேன். தரைத்தளத்து அம்மா எங்கே இருந்தார் என்றார். குன்றத்தூரில் என்றேன்.

வெளியே வந்தபோது என் கட்டடத்து ஆட்கள் மூவரும் ஏற்கனவே ஆட்டோ பிடித்துப் போய்விட்டிருந்தார்கள். படியோரம் அந்த அம்மா நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று எனக்குள் ஒரு அற்ப எதிர்பார்ப்பு இருந்தது. நான் செய்தது பெரிய காரியம் என்று அதற்குள் நம்பத் தொடங்கியிருந்தேன்.

"நல்லாதான் சொன்னக்கா," என்றார். "இத்த அன்னிக்கே ஸ்டேசன்ல சொல்லிகினு இருந்தா, நான் இத்தினி தபா இங்க வந்துகினு இருப்பேனா?"

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"உள்ள வெச்சாங்களே, அப்ப எம் பொண்ணு பிள்ளத்தாச்சி. பிரசவத்துக்குக்கூட நான் பக்கத்துல இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. ஊர் நிலவரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கூடவந்த தம்பியோடு பஸ் ஸ்டாப் பக்கம் போனார்.

அதற்கப்புறம் சங்கத்துப் பொதுக்குழு கூடியது. 'அச்சமின்றிச் சாட்சியம் அளித்த உறுப்பினர்களுக்கு' நன்றித் தீர்மானம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. பேங்க்காரர் தழுதழுத்தார். அச்சமின்றி என்பது ஒருவகையில் உண்மைதான், சத்தியத்துக்கும் அவர் பயப்படவில்லையே. என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் கார், சாக்கடை மூடியின்மேல் நிற்கும் இடத்துக்கு மாறியது. லிஃப்டில் என்னோடு ஏறினால் தரைத்தளத்து அம்மா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். எதிர்முனையில் யாரும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருக்கு இதெல்லாம் பழக்கம்தானே.

பிறகு டாக்டரும் ரைட்டரும் சாட்சி சொன்னார்கள். டாக்டர் சொன்னதை இளம் வக்கீல் என்னிடம் போனில் சொன்னார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அன்றைக்கே, 'காலையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்' என்று எழுதியிருக்கிறதாம். யார் சொன்னது என்று கேட்டதற்கு, நோயாளியேதான் என்றிருக்கிறார் டாக்டர். வலி தாங்காத நேரத்தில் செயலாளர் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் சுதாரித்துக்கொண்டுவிட்டார்.

தீர்ப்பு நாளில் எனக்கு அங்கே வேலை இல்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். நீதிபதி ஒரே வாக்கியத்தில் விடுதலை என்றார். வராந்தாவில் இளம் வக்கீல் அந்த அம்மாவிடம், "சந்தேகத்தின் பலனை உங்களுக்குக் குடுத்து விட்டுட்டாங்கம்மா," என்று விளக்கிவிட்டு அடுத்த கோர்ட்டுக்கு ஓடினார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சந்தேகம்?"

"நீங்க குத்தினீங்களா இல்லையான்னு உறுதியா சொல்ல முடியலையாம். அதனால விட்டுட்டாங்க."

"நீதான் பாத்தேன்னு சொன்னியே. அப்புறம் இன்னா சந்தேகம் கீது?"

என் பேச்சை முழுசாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்றேன். முதலில் ஒன்று, பிறகு ஒன்று சொன்னவள் நான். அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "சரி, இனிமே வர வாணாம் இல்ல?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

தீர்ப்பின் நகலை வக்கீல் பிறகு போனில் அனுப்பினார். தாம்பரத்திலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் படித்தேன். மற்ற சாட்சிகளின் சொல்லில் 'சில முரண்பாடுகள்' காணப்படுகின்றனவாம். குன்றத்தூர் மலைக்கும் எங்கள் கேட்டுக்கும் இருக்கும் தூரமும் அந்தச் சில முரண்பாடுகளில் ஒன்று. என்னைப் பற்றி ஒரு பாரா: பிறழ்ந்த சாட்சி என்பதால் இவர் சாட்சியத்தை எச்சரிக்கையோடு அணுகவேண்டும். அந்தப் பாராவோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை. செயலாளர் அப்பீல் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், போகவில்லை. அடுத்த தேர்தலில் அவரையே போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த அம்மா எங்கள் தெருவுக்குத் திரும்பி வரவில்லை. சிட்லபாக்கம் பக்கம் ஒரு தெருமுனையில் உட்காருவதாகக் காய்கறி வண்டிக்காரர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். நாலைந்து பேர் சுற்றி நிற்க, யாரிடமோ பேசியபடி மீனை வெட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் வேகத்தைக் குறைத்து, "மீன் வாங்கணுமா மேடம்?" என்றார்.

வேண்டாம், போங்க என்றேன்.